இடப்பக்க நாற்காலி

மார்ச் 4

அக்கா,

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரிந்துதான் கடிதம் எழுதுகிறேன். தபால்காரரை மட்டும் நீ இன்னும் தடுக்கவில்லை.

நேற்று ஓட்டல் வரவேற்பறையில் வாடின பூக்களை எடுத்துக்கொண்டிருந்தேன். மேலாளர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து மேசை மேல் போட்டு, "இது உங்க அக்காதானே?" என்று கேட்டார். நீதான். நூலக முன்கூடத்தில் உன் பூக்கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாய். நம்முடைய அகலமான கறுப்புக் கிண்ணம். மாதுளைக் கிளை வலது ஓரத்தில் உயர்ந்து நிற்கிறது. அதன் காலடியில் செவ்வந்தி, அதுவும் வலது ஓரத்தில். இடப்பக்கம் ஒரு இலை கிடையாது, வெறும் தண்ணீர். படத்துக்குக் கீழே "துணிச்சலான வெறுமை" என்று போட்டிருக்கிறார்கள்.

மேலாளருக்கு அது கலை. எனக்கு அது என்னவென்று தெரியும். இத்தனை வருடமும் நீ வலப்பக்கம் நின்று உயரக் கிளையை வைப்பாய், நான் இடப்பக்கம் நின்று தாழ்ந்த கிளையை வைப்பேன். வாயைத் திறக்காமல் வேலை நடக்கும். அந்த ஜப்பானியப் பூ அலங்கார இகெபானா வகுப்பில் இருவரும் சேர்ந்து ஒரே கிண்ணம் வைக்கக் கூடாது என்றார்கள், நாம் கேட்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் வைத்த கிண்ணத்திலும் இடப்பக்கத்தைக் காலியாக விட்டாய். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "அது என் தங்கச்சி இடம். கூப்பிட்டேன், அவ வரலை" என்று ஒவ்வொருவராகச் சொன்னாய். நான் வாசலில் பையோடு நின்று அதைக் கேட்டேன்.

ஓட்டலில் ஒரு கல்யாண வேலையை முடித்துவிட்டு வரலாம் என்று இருந்தேன். அதற்குள் அப்பா போய்விட்டார். அன்றே எல்லோர் முன்பும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அதே காலியை ஊர் பார்க்கும்படி பத்திரிகையிலும் போட்டாயிற்று.

சண்டை பிடிக்க எழுதவில்லை. எனக்கு நம் பூக்கடைக்குத் திரும்பி வர வேண்டும். உன் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். இங்கே தனியாகக் கிளை வைத்து வைத்து எனக்கு வெறுத்துவிட்டது. வரலாமா, கூடாதா? ஒரு வரி எழுது.

மிளகு

*

மார்ச் 19

மிளகுக்கு,

சிறிசாக இருந்தாலும் காரம் குறையாது என்று அப்பா உனக்குச் சரியாகத்தான் பேர் வைத்தார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காலி எங்கே இருக்கிறது? கிண்ணம் நிறைந்துதான் இருக்கிறது. கிளை நடுவில் நிற்கிறது, பூ அதனதன் இடத்தில் இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பத்திரிகைக்காரர் வெறுமை வெறுமை என்று எழுதியிருக்கிறார் என்றால், அவருக்குப் பக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டும். நீயும் சேர்ந்து ஏன் ஆடுகிறாய்?

அப்பா விஷயம் வேறு. அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கடைசி இரண்டு நாளும் கதவு சத்தம் கேட்டபோதெல்லாம் "சின்னவளா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்தது. நீ வாசலில் பையோடு நின்றது உனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு இது ஞாபகம் இருக்கிறது.

அத்தான் நலம். பஸ் ஓட்டிவிட்டு வந்து வீட்டில் என்னை ஓட்டுகிறார். எனக்கு "அரைத்தட்டு" என்று புதுப் பேர் வைத்திருக்கிறார். தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு இன்னும் கேட்கிறேனாம். தட்டைத் திருப்பி வைத்து, "அப்ப இது யாருக்கு?" என்கிறார். பார்த்தால் சாப்பாடு இருக்கத்தான் செய்கிறது. அவர்தான் போட்டுவிட்டு விளையாடுகிறார் என்று நினைக்கிறேன். கடை வாசல் நிலை வேறு தினமும் தோளில் இடிக்கிறது. கன்றிப்போய்விட்டது. வயதானால் வாசலும் குறுகும் போல.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். கூப்பிட்டபோது வராதவள் கூப்பிடாதபோது எதற்கு? உன் கத்தரிக்கோல் ஆணியில் தொங்குகிறது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக மட்டும்தான்.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

சபாஷ். உன் கடிதம் தாளின் நடுவில் ஆரம்பித்து வலது ஓரத்தில் முடிகிறது. இடப்பாதி முழுக்க வெள்ளை. கிண்ணத்தில் விட்டது போதாதென்று காகிதத்திலும் என் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். உறையைக்கூடப் பார்த்தேன், முகவரி வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. தபால்காரர் எப்படிப் படித்தாரோ.

அதற்கு மேல், "காலி எங்கே இருக்கிறது?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்கிறாய். என்னைத் திட்டு, தாங்கிக்கொள்வேன். இப்படிக் கண்ணுக்கு முன்னால் இருப்பதை இல்லை என்று சொல்லி என்னைப் பைத்தியக்காரி ஆக்காதே.

அப்பா கேட்டதை நீ இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டாய். படித்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த அடி உனக்குப் போதுமா?

உன்னிடம் படிக்கிற பெண்கள் தங்கள் கிண்ணங்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் இடப்பக்கம் காலி. ஒருத்தி அதற்கு "அக்கா பாணி" என்று பேர் வைத்திருக்கிறாள். நம் சண்டையை அவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா?

தொழில்காரியாக ஒன்று சொல்கிறேன், அதையாவது கேள். உயரக் கிளை அவ்வளவு ஓரத்துக்குப் போனால் கிண்ணத்துக்குள் இருக்கிற ஊசித்தட்டு நிற்காது. என்னதான் கனமான இரும்பாக இருந்தாலும், ஊசியில் குத்தின கிளை ஒரு பக்கமாக இழுத்தால் தட்டே தூக்கிக்கொள்ளும். ஒருமுறை வங்கி வாசலில் நாம் இருவரும் கவிழ்த்துவிட்டுத் தரை துடைத்தோமே. எதிர்ப் பக்கத்தில் ஒரு கல்லாவது வை. என் மேல் இருக்கிற கோபத்தை வேலையில் காட்டாதே.

நீயாக "வா" என்று எழுதும் வரை நான் வரப்போவதில்லை.

மிளகு

*

மே 2

மிளகுக்கு,

உன் கரிநாக்கு பலித்தது. கலைமன்றக் கண்காட்சித் திறப்பு விழாவில், விளக்கெல்லாம் போட்டு, பெரிய மனிதர்கள் சுற்றி நிற்கும்போது கிண்ணம் கவிழ்ந்தது. மன்றத் தலைவரின் காற்சட்டை முழுக்கத் தண்ணீர். யாரோ தட்டிவிட்டார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் தட்டவில்லை. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் சாய்ந்தது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கிளை நடுவில்தான் இருந்தது, சத்தியமாக நடுவில்தான் இருந்தது.

தாளின் நடுவிலிருந்து எழுதுகிறேனாம். ஓரம் எது நடு எது என்று தெரியாமலா இத்தனை வருடம் கிண்ணம் வைத்தேன்? இதோ இதையும் ஓரத்திலிருந்துதான் எழுதுகிறேன். நீயே பார்த்துக்கொள்.

ஒன்று சொல்கிறேன், அத்தானிடம் உளறிவிடாதே. கொஞ்ச நாளாகக் காலையில் தலையைப் பிளக்கிறது. எழுந்ததும் வாந்தி. போன வாரம் கடைக்கு நடந்து வந்து உட்கார்ந்த பிறகு ஒரு பெண், "உங்க இன்னொரு செருப்பு எங்கக்கா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தால் வலது காலில்தான் செருப்பு இருக்கிறது. இடது கால் வெறுங்காலாக அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பாதத்தில் கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம். எனக்குத் தெரியவே இல்லை. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

கண்காட்சி முடியட்டும், டாக்டரிடம் போகிறேன்.

வருவதென்றால் வா. வாசலில் நிற்க வைக்க மாட்டேன். ஆனால் நானாகக் கூப்பிட மாட்டேன். ஒருமுறை கூப்பிட்டுப் பட்டது போதும்.

அக்கா

*

ஜூன் 6

அக்கா,

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

அத்தான் போனில் அழுதுகொண்டே சொன்னார். தலைக்குள் கட்டி, இந்த மாதமே அறுவை, உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று. நீ கூப்பிடவில்லை. ஆனாலும் இந்த முறை எந்த வேலையையும் முடிக்க நிற்கவில்லை. பாதிக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு, மேலாளரிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். வழியில் அப்பா வீட்டில் இறங்கி, நம் மாதுளையில் ஒரு கிளை வெட்டிக்கொண்டேன்.

அறையில் அத்தான் இல்லை, மருந்து வாங்கப் போயிருந்தார். நீ முழித்துத்தான் இருந்தாய். கட்டிலின் இரண்டு பக்கமும் நாற்காலி இருந்தது. நான் யோசிக்காமல் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். பழக்கம். கிளையை அந்தப் பக்கத்து மேசையில் வைத்தேன். பேசவில்லை. நீ ஒரு வார்த்தை, "வந்தியா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

நீ முகத்தை வலப்பக்கம் திருப்பிச் சுவரைப் பார்த்தபடி இருந்தாய். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது, நான் இருமினேன், அப்போதும் திரும்பவில்லை. பிறகு சாப்பாட்டுத் தட்டோடு வந்த ஆஸ்பத்திரி ஆயாம்மாவிடம், நான் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "என் தங்கச்சி வருவான்னு பார்த்தேன். வரல, பாத்தீங்களா? அவ அப்படித்தான்" என்று சொன்னாய். அந்த அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கோபம் இருக்கலாம் அக்கா. சாகக் கிடக்கும்போதுகூட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை இல்லை என்று சொல்கிற அளவுக்கா? நீ நன்றாக இருக்க வேண்டும். அறுவை நல்லபடி முடிய வேண்டும். அதற்குமேல் உன்னிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

உன் தங்கை

*

ஜூன் 11

மிளகுக்கு,

இந்தக் கடிதம் தாளின் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறதா, பார். இட ஓரத்தில் டாக்டரம்மா சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும், அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டு எழுத வேண்டுமாம். கழுத்து வலிக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அத்தான் படித்துக் காட்டினார். "பொய். அவள் வரவில்லை. நான் நாள் முழுக்க முழித்திருந்தேன்" என்று கத்தினேன். எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தான் தலையில் அடித்துக்கொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு வந்தார்.

அவர் ஒரு தாளைக் கொடுத்து, "ஒரு பூ வரைங்க, நீங்கதான் பூக்காரராச்சே" என்றார். வரைந்தேன். நல்ல செவ்வந்தி, இதழ் இதழாக. அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தார். பூவில் பாதிதான் இருந்தது. ஒரு பக்கம் இதழே இல்லை. நான் வரைந்ததுதான், என் கைதான்.

கட்டி இருக்கும் இடம் அப்படியாம். கண் நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. இருட்டாகக்கூட இல்லை, மிளகு. இருட்டாக இருந்தால் ஏதோ குறைகிறது என்றாவது தெரியும். அங்கே ஒரு பக்கம் இருக்கிறது என்கிற நினைப்பே இல்லை. தட்டு, செருப்பு, வாசல் நிலை, எல்லாம் அதுதான். அத்தான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "அரைத்தட்டுன்னு சிரிச்சேனே" என்று அழுதார். அவரைத் தேற்ற எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பத்திரிகைப் படத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அதையும் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னேன். அம்மாடி, எவ்வளவு காலி. கிண்ணத்தில் பாதி சும்மா கிடக்கிறது. இதற்கா அத்தனை கைதட்டு? துணிச்சலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தலைக்கட்டி. அந்தப் பெண்களிடம் சொல்லிவிடாதே. பாவம், ஆசையாகப் பழகியிருக்கிறார்கள்.

பிறகு கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன். அப்போதுதான் அந்த மேசை என் கண்ணில் பட்டது. அதன் மேல் ஒரு மாதுளைக் கிளை கிடந்தது, தண்ணீர் இல்லாமல் இலை சுருண்டு. கையில் எடுத்து வெட்டின முனையைப் பார்த்தேன். ஒரே வெட்டு, நல்ல சாய்வு, பட்டை கிழியவில்லை. நம் மரத்தில் அப்படி வெட்டுகிறவள் ஒருத்திதான்.

நீ வந்திருக்கிறாய். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாய். உனக்காகத்தான் நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், கதவு இருக்கும் பக்கம் என்று நான் நினைத்த சுவரை. உன்னைத் தேடிக்கொண்டே உன்னை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்றைச் சரியாகப் பிரித்து வைக்கிறேன், கேட்டுக்கொள். அப்பாவின் தலைமாட்டில் இருந்த கிண்ணத்தைக் காலியாக விட்டது நான்தான், தெரிந்துதான் விட்டேன். அது கட்டி இல்லை, என் வாய்க்கொழுப்பு. அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அதற்குப் பிறகு வந்த காலி எதையும் நான் விடவில்லை. உன் இடத்தில் நான் கிளை வைத்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுவை பதினெட்டாம் தேதி. கட்டி ஆழத்தில் இருக்கிறதாம். எடுத்தால் நான் எந்த அளவுக்கு மிஞ்சுவேன் என்று டாக்டரம்மா சொல்ல மறுக்கிறார். நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியவில்லை.

அத்தான் இப்போதே உனக்குப் போன் போடுகிறேன் என்றார். தொடாதே என்று சொல்லிவிட்டேன். நான் கூப்பிட்டு நீ வராமல் போனது ஒரு தடவை. நான் கூப்பிடாமலே நீ வந்தது ஒரு தடவை. இந்தத் தடவை என் கையால் எழுதித்தான் கூப்பிட வேண்டும்.

வா.

எழுதிவிட்டேன், பார். வந்து வலப்பக்க நாற்காலியில் உட்கார். பழக்கதோஷத்தில் இடப்பக்கம் போய் உட்கார்ந்தாய் என்றால், நீ வரவே இல்லை என்று மறுபடியும் ஊர் முழுக்கச் சொல்வேன்.

அக்கா

*

ஜூன் 19

அக்கா,

தாளை நடுவில் மடித்து, வலப்பாதியில் மட்டும் எழுதுகிறேன். உனக்குத் தலையைத் திருப்பச் சிரமம் வேண்டாம்.

உன் கடிதம் பதினாறாம் தேதி காலையில் வந்தது. அத்தானின் போனும் அதே காலையில்தான் வந்தது. இரவில் வலிப்பு வந்து, அறுவையை முன்னால் இழுத்துவிட்டார்களாம். பஸ்ஸில் நின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அத்தானைப் போன் போட விட்டிருக்கலாம் அக்கா. பதினொன்றாம் தேதியே விட்டிருக்கலாம். உன்னையும் சொல்ல மாட்டேன். நான் வந்த அன்று வாயைத் திறந்து "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. நம் இரண்டு பேருக்கும் அப்பா வாயைக் கொடுத்தார், வேண்டிய நேரத்தில் திறக்கத்தான் சொல்லித் தரவில்லை.

நான் வந்தபோது உன்னைத் தலைக்கட்டோடு வெளியே கொண்டுவந்திருந்தார்கள். வலப்பக்கம் நாற்காலி போட இடம் இல்லை, ஏதோ இயந்திரம் நின்றது. நர்ஸிடம் கெஞ்சி அதை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்த முறை பேசிக்கொண்டே இருந்தேன். ஓட்டல் மேலாளரின் விக் கதையைக்கூடச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் உன் கண் பாதி திறந்தது. வலப்பக்கமாக, நேராக என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. டாக்டரம்மா, "கண்ணு அந்தப் பக்கம்தான் ஒதுங்கும், அதுக்கு அர்த்தம் எதுவும் இல்லைம்மா" என்றார். அந்த நல்ல மனுஷிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை என்று நீ எழுதியது சரிதான். கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் நீ போய்விட்டாய்.

உன் தலைமாட்டுக் கிண்ணத்தை நான்தான் வைத்தேன். என் கத்தரிக்கோல் கடை ஆணியில் இருந்தது, எண்ணெய் மினுங்க. அதை எடுத்து மாதுளை வெட்டினேன். இடப்பக்கம் நின்றேன். முதலில், நீ நிற்கும் வலப்பக்கத்தைக் காலியாக விடத்தான் கை போனது. அது உன் இடம், நீ இல்லை, அப்படி விடுவதுதான் முறை. பிறகு நினைத்துப் பார்த்தேன். உனக்கு இருந்த ஒரே பக்கம் அதுதானே. அதையும் வெறுமையாக விட்டால் உனக்கு என்ன தெரியும்? உயரக் கிளை, தாழ்ந்த கிளை, செவ்வந்தி, எல்லாவற்றையும் வலப்பக்கமே வைத்தேன். கவிழாமல் இருக்க இடப்பக்கம் தண்ணீருக்குள் ஒரு கல் வைத்தேன். என் இடத்தில் அந்தக் கல்தான் இருக்கிறது.

உன்னிடம் படித்த பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "அக்கா பாணியிலேயே வைச்சிருக்கீங்க" என்று அழுதார்கள். ஆமாம் என்று சொன்னேன். நீ கேட்டபடி வேறொன்றும் சொல்லவில்லை.

பெட்டியை மூட ஆள் வந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை உன் இடது கையில் வைக்கலாமா என்று அத்தான் கேட்டார், அந்தப் பக்கம்தான் இடம் இருக்கிறதாம். கூடாது என்று சொல்லிவிட்டேன். வலது கையில் வைக்கிறேன்.

மிளகு